வாய் தவறியதெல்லாம் நாப்பிறழ்ச்சி ஆகுமா?

குழு உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

அம்பாசமுத்திரத்துத் தங்கச்சி போன வாரம் கேட்ட கேள்விக்கு இன்றைக்குத்தான் உட்கார்ந்து பதில் எழுத வாய்த்தது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் அச்சகத்தில் குவிந்து கிடந்தன. மெய்ப்புப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக அந்தக் கேள்வியை மறுபடி போடுகிறேன்:

> பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்காக ஒரு சிறு கையேடு எழுதுகிறேன். ஸ்பூனரிசம், மாலப்ராபிசம், மாண்டகிரீன் என்று ஆங்கிலத்தில் தனித்தனியாகச் சொல்கிறார்கள். தமிழில் எல்லாவற்றுக்கும் நாப்பிறழ்ச்சி என்று ஒரே சொல்லைப் போட்டுவிடலாமா?

போடக் கூடாது என்பது என் கட்சி. இவை வெவ்வேறு இடத்தில் நடக்கிற தவறுகள். ஒன்றில் நாக்கு தப்புகிறது. ஒன்றில் சொல் தப்புகிறது. ஒன்றில் காது தப்புகிறது. இன்னொன்றில் மனசு முந்திக்கொள்கிறது. காது மந்தமாக இருக்கிற பிள்ளையின் பேச்சை நாப்பிறழ்ச்சி என்று எழுதி வைத்தால், அந்தத் தாய் பிள்ளையின் நாக்கையல்லவா பார்த்துக்கொண்டு இருப்பாள்? காதுப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போக அவளுக்கு எப்படித் தோன்றும்? தவறு எங்கே நடந்தது என்பதைக் கலைச்சொல்லே காட்டிக்கொடுக்க வேண்டும்.

முதலில் ஸ்பூனரிசம். இதைக் கண்ணால் பார்த்த ஒரு காலைப்பொழுதிலிருந்து தொடங்குகிறேன்.

பாளையங்கால் ஓரத்தில் ஒரு கிராமம். எங்கள் சொந்தத்தில் ஒருவர் புது வீடு கட்டி, பால் காய்ச்சு வைத்திருந்தார். விடியுமுன்னே போய்விட்டோம். அடுப்படியில் பித்தளைப் பானைக்கு மஞ்சள் கிழங்கு கட்டி, பால் ஊற்றித் தயாராக இருந்தது. ஆட்கள் எல்லாம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்க, நல்ல நேரம் போய்விடுமே என்று பெரியப்பாவுக்குப் பதற்றம். திண்ணையில் ஏறி நின்று சத்தமாகச் சொன்னார்:

“எல்லாரும் உள்ள வாங்க, ஆறு மணிக்குள்ள கால் பாய்ச்சிரணும்!”

வாசலில் நின்ற விவசாயி ஒருவர் அந்தானைக்குக் கேட்டார்: “மடையத் தொறந்து விட்டாச்சா அண்ணாச்சி?”

கூட்டமே சிரித்தது. பெரியப்பாவும் சிரித்துவிட்டு, “பாலு, பாலு… பால் காய்ச்சணும்னு சொல்ல வந்தேன்” என்றார். எங்கள் பக்கத்தில் வாய்க்காலைக் ‘கால்’ என்றுதான் சொல்வோம், அதனால் அந்தத் தவறு அத்தனை பொருத்தமாக விழுந்தது.

என்ன நடந்தது என்று பாருங்கள். ‘பால் காய்ச்சு’ என்பதில் முதல் சொல்லின் ப் இரண்டாம் சொல்லுக்குப் போனது. இரண்டாம் சொல்லின் க் முதல் சொல்லுக்கு வந்தது. மற்ற ஒலி ஒன்றுகூட அசையவில்லை. வெளியிலிருந்து எதுவும் வரவும் இல்லை, உள்ளிருந்து எதுவும் தொலையவும் இல்லை. இரண்டு வீட்டார் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததுபோல இரண்டு சொல்லும் தங்கள் தலை ஒலியைக் கொடுத்து வாங்கிக்கொண்டன.

இன்னொன்று எங்கள் ஆச்சி சொன்னது. ராத்திரி பத்தமடைப் பாயைக் கையில் எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்து, “ஏட்டி, வாயைப் பிரிச்சாச்சா?” என்றாள். கேட்க நினைத்தது ‘பாயை விரிச்சாச்சா’. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நிறுத்தி நிதானமாகக் கேட்க வேண்டும். ‘பாயை விரி’ என்கிறபோது நடுவில் ஒற்று மிகாது, ஏனென்றால் விரி வகரத்தில் தொடங்குகிறது. ஒலி இடம் மாறிய பிறகு அது ‘பிரி’ ஆகிவிட்டது. இரண்டாம் வேற்றுமை உருபுக்குப் பின் வல்லினம் வந்தால் மிக வேண்டுமே? மிகுந்தது. ஆச்சியின் வாயில் ‘வாயைப் பிரிச்சாச்சா’ என்று ப் ஒற்று அழுத்தமாகவே விழுந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆச்சி, தவறாகச் சொன்ன சொல்லிலும் புணர்ச்சி விதியைச் சரியாகக் காப்பாற்றினாள். அதாவது மனசுக்குள் ஒலி இடம் மாறுவது முதலில் நடக்கிறது, புணர்ச்சி அதற்குப் பிறகுதான் நடக்கிறது. எனக்கு இதை நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இப்படியே. விக்டோரியா ஃப்ராம்கின் என்ற மொழியியலாளர் இந்த மாதிரித் தவறுகளைச் சேகரித்து 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிறழ்ந்து வருகிற பேச்சும் அந்தந்த மொழியின் ஒலிமரபுக்குள்ளேயேதான் பிறழ்கிறது என்பதுதான் அவர் காட்டியது. ‘ஆன் ஈட்டிங் மாரத்தான்’ என்று சொல்ல வந்தவர் ‘எ மீட்டிங் ஆரத்தான்’ என்று சொன்னால், மகரம் முன்னால் வந்தவுடன் ‘ஆன்’ தானாகவே ‘எ’ ஆகிவிடுகிறது. எங்கள் ஆச்சியின் ஒற்றும் அதே வேலையைத்தான் செய்தது.

ஸ்பூனர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வில்லியம் ஆர்ச்சிபால்ட் ஸ்பூனர், 1844-இல் பிறந்து 1930-இல் மறைந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜின் தலைவராக 1903 முதல் 1924 வரை இருந்தார். அவர் சொன்னதாக உலவுகிற வாக்கியங்களில் பெரும்பாலானவை மாணவர்கள் கட்டிவிட்டவை. பெரும்பாலும் செய்யாத தவறுக்கு ஒரு மனிதரின் பெயர் நின்றுவிட்டது. தமிழில் நாமும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை. ‘ஸ்பூனரியம்’ வேண்டாம். குழுவில் ஒரு தம்பி ‘கரண்டியம்’ என்று எழுதியிருந்தார், அதுவும் வேண்டாம். ஆள் பெயரை மொழிபெயர்த்தால் பொருளும் வராது, ஆளும் தெரியாது.

நம் இலக்கணத்தில் பக்கத்து வீடுபோல ஒன்று இருக்கிறது. தசை சதையானதும் சிவிறி விசிறியானதும் மிஞிறு ஞிமிறானதும் எழுத்து நிலைமாறுதல். ஆனால் அது ஒரே சொல்லுக்குள் நடப்பது, நடந்து பலகாலமாகி ஊரே ஏற்றுக்கொண்டது. குதிரையைக் குருதை என்றும் மதுரையை மருதை என்றும் சொல்கிறவர் யாரும் வாய் தவறிச் சொல்லவில்லை. அது வழக்கு. (இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்துப் பிள்ளை ‘மழை வந்துட்டு’ என்று எழுதினால் வெளியூரில் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். வட்டார வழக்கை வழுவோடு சேர்க்கிற எந்தக் கலைச்சொல்லுக்கும் நான் உடன்பட மாட்டேன்.)

ஆகவே என் முன்மொழிவு: ஸ்பூனரிசத்துக்குத் தலைமாற்று. கல்யாணத்தில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றுகிற மாதிரி இரண்டு சொற்கள் தலையை மாற்றிக்கொள்கின்றன. ‘மாலைமாற்று’ என்ற சொல் வாய்ப்பாகக் கிடைத்தாலும் அது எடுத்தாகிவிட்டது. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருகிற செய்யுளுக்கு அதுவே பெயர், ஞானசம்பந்தரே பாடி வைத்திருக்கிறார். தலைமாற்று அந்த வாய்பாட்டிலேயே அமைகிறது, கேட்டவுடன் தமிழாக ஒலிக்கிறது.

அடுத்தது மாலப்ராபிசம். 1775-இல் மேடையேறிய ஷெரிடனின் நாடகத்தில் மிசஸ் மாலப்ராப் என்று ஓர் அம்மாள் வருகிறாள். பெரிய பெரிய சொற்களைச் சொல்ல ஆசை, ஆனால் ஒன்றைச் சொல்ல வந்து அதன் சாயலில் உள்ள வேறொன்றைச் சொல்வாள். நைல் நதிக்கரை அலிகேட்டர் என்று முதலையைச் சொல்ல வேண்டிய இடத்தில், உருவகக் கதையைக் குறிக்கும் ‘அலிகரி’யைச் சொல்கிறாள். அவள் பெயரே ‘பொருத்தமில்லாமல்’ என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது.

நான் நேரில் கேட்டது வேறு மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் பக்கம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி இரு கரையும் தாண்டிப் போனது. அதற்குப் பிறகு ஒரு ரேஷன் கடை வாசலில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சிக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், வெள்ளனே வந்து நின்றவள். கடைக்காரரிடம் கேட்டாள்:

“ஏய்யா, நிர்வாணம் இன்னைக்குக் குடுப்பாகளா, நாளைக்கா?”

பின்னால் இளவட்டங்கள் சிரித்தார்கள். ஆச்சிக்கு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. திரும்பவும் அதையே கேட்டாள். கடைக்காரர் நல்ல மனிதர், “நிவாரணம் நாளைக்கு ஆச்சி, டோக்கனப் பத்திரமா வச்சுக்கிடுங்க” என்று பதமாகச் சொன்னார்.

அவளைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிவாரணம் என்ற சொல்லை அவள் அதற்கு முன் வாழ்நாளில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? அது மேலேயிருந்து, ஒலிபெருக்கியிலும் டிவியிலும் வந்து இறங்கிய சொல். வீட்டுச் சொல்லில் இப்படித் தவறு வராது. மிசஸ் மாலப்ராப் பகட்டுக்காகப் பெரிய சொல்லைத் தேடிப் போனாள். எங்கள் ஆச்சிகளைப் பெரிய சொல் தேடி வந்து மாட்டிவிடுகிறது.

இதற்கு நான் தருவது சொல்மாறாட்டம். ஆள்மாறாட்டம் எல்லாருக்கும் தெரிந்த சொல். பரீட்சை எழுத ஒருத்தன் பெயரில் அதே சாயலில் இன்னொருத்தன் வந்து உட்காருகிறானே, அதுதான் இங்கே சொல்லுக்கு நடக்கிறது. தலைமாற்றில் இரண்டு சொல்லும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கின்றன. சொல்மாறாட்டத்தில் வெளியாள் ஒருவன் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறான், உரியவன் வெளியே நிற்கிறான்.

மாண்டகிரீன் காதில் நடப்பது. சில்வியா ரைட் என்பவர் சிறுவயதில் ஒரு ஸ்காட்லாந்து நாட்டுப்பாடலைக் கேட்டபோது, ‘அவனைப் புல்தரையில் கிடத்தினார்கள்’ என்ற பொருள்படும் ‘லெய்ட் ஹிம் ஆன் த கிரீன்’ என்பது அவர் காதில் ‘லேடி மாண்டகிரீன்’ என்று விழுந்தது. பிரபுவோடு ஒரு சீமாட்டியும் சேர்ந்து செத்துப்போனாள் என்றே நெடுநாள் நினைத்திருந்தார். 1954-இல் அதை எழுதினார், பெயரும் நிலைத்துவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் ‘நிலமடந்தைக் கெழிலொழுகும்’ என்று பாடினேன். கெழில் என்பது நிலமடந்தை போட்டிருக்கிற ஏதோ ஒரு நகை என்றுதான் எட்டாம் வகுப்பு வரை நினைப்பு. நிலமடந்தைக்கு, எழில் என்று பிரித்துச் சொன்ன தமிழாசிரியரை இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். 1891-இல் மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளையின் பெயரில் நம் ஊரில் பல்கலைக்கழகமே இருக்கிறது, ஆனாலும் இந்தக் கெழில் இன்னும் எத்தனை பிள்ளைகள் கழுத்தில் தொங்குகிறதோ. ஒலிச்சரம் ஒன்று, பிரிக்கிற இடம் இரண்டு. புலவர்கள் தெரிந்தே செய்தால் அதற்குப் பிரிமொழிச் சிலேடை என்று பெயர், பிள்ளைகள் தெரியாமல் செய்தால் பெயரில்லை. செவிமயக்கு என்று வைக்கலாம். ‘கேள்விப்பிழை’ என்று மதுரையிலிருந்து ஒருவர் எழுதியது பழைய பொருளில் அழகானது. ஆனால் இன்றைக்குக் கேள்வி என்றால் வினாத்தாள்தான் நினைவுக்கு வரும், மாணவர் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப்போட்டுவிடுவார்.

காதில் மாறிக் கேட்டதற்குக் காரணமும் கற்பித்துக்கொண்டால் அது இன்னொரு வகை. ஆங்கிலத்தில் ‘எக்கார்ன்’ என்று 2003-இல் பெயர் வைத்தார்கள், ஏக்கார்ன் என்ற ஓக் மரக் கொட்டையை ‘எக்’ என்ற முட்டையோடு சேர்த்து ‘எக்கார்ன்’ என்று சொன்ன ஒருவரை வைத்து. நம்மிடம் நல்ல எடுத்துக்காட்டு கடப்பாரை. பாரை என்றால் இரும்புக் கோல். அந்தச் சொல் வழக்கிலிருந்து போய்விட்டதால், பாறையை உடைக்கிறது அல்லவா, கடப்பாறைதான் என்று முடிவுகட்டி எழுதுகிறார்கள். மெய்ப்பில் நான் இதைத் திருத்தினால் சண்டைக்கே வருகிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதல்லவா! பொருள் விளங்காமல் இடுகுறிபோல ஆகிவிட்ட சொல்லைக் காரணப்பெயராக மாற்றப் பார்க்கிற மனம் அது. காரணப்போலி என்று சொன்னால் நன்னூல் படித்த பிள்ளைக்கு உடனே பிடிபடும். தருக்கத்தில் ஏதுப்போலி என்று ஒன்று இருக்கிறது, இதோடு குழம்பாது.

கடைசியாக உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு பேசியது: மனசில் ஒளிந்திருப்பது வாய் தவறி வெளியே வந்துவிடுவது. 1901-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் கூட்டத்தைத் தொடங்கிவைக்க எழுந்து, கூட்டம் முடிந்தது என்று அறிவித்தாராம், இந்தக் கூட்டத்தால் நல்லது நடக்காது என்று அவர் மனசில் இருந்தது வெளியே வந்துவிட்டது என்பது ஃப்ராய்டின் விளக்கம். பந்தியில் இலை போதாமல் கலங்கி நின்ற பெண்வீட்டுக்காரர் வாசலில் கைகூப்பி, “எல்லாரும் சாப்பிடாமப் போங்க” என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். குழுவில் இதற்கு ‘உளக்கசிவு’ என்று வந்தது. வேண்டாம். ‘காதலாகிக் கசிந்து’ என்று ஓதுகிற நாட்டில் கசிவு என்றால் பக்தியில் உருகுவது. நம் பேச்சில் ‘ரகசியத்த உளறிட்டான்’ என்கிறோம். அந்த உளறலே இது. நெஞ்சு தானாக உளறுவதால் நெஞ்சுளறல். ஆனால் கண்ட தவறுக்கெல்லாம் இதைப் போடக் கூடாது. மேரிங்கர் என்ற மொழியியலாளரும் மையர் என்ற மனநல மருத்துவரும் 1895-லேயே இப்படிப்பட்ட தவறுகளைத் திரட்டி, ஒலிச் சாயலை வைத்தே பலவற்றுக்கு விளக்கம் தந்திருக்கிறார்கள். எங்கள் பெரியப்பா மனசில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற எண்ணம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

நாப்பிறழ்ச்சியைத் தூக்கிப்போட வேண்டாம். தலைமாற்றும் அதைப் போன்ற ஒலித்தவறுகளும் அடங்குகிற பொதுப்பெயராக அது இருக்கட்டும். 1930களில் இ. மு. சுப்பிரமணிய பிள்ளையும் அவரோடு சேர்ந்தவர்களும் திருநெல்வேலியிலிருந்து பள்ளிப் பாடங்களுக்காகக் கலைச்சொல் திரட்டினார்கள். வகுப்பில் பிள்ளை வாய் கூசாமல் சொல்லக்கூடியதாக இருக்கிறதா என்று நாமும் பார்த்துச் செய்ய வேண்டும். அடித்துத் திருத்துங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து,
மெய்ப்புக்காரன்

*

அண்ணாச்சிக்கு வணக்கம்.

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். ‘கால் பாய்ச்சு’ கேட்டுவிட்டு இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நெஞ்சுளறல், செவிமயக்கு இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். செவிமயக்கு எனக்கு ரொம்பத் தேவையான சொல். போன மாதம் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தார்கள், ‘வாய் திருந்தவே மாட்டேங்கு’ என்று. தட்டு, பட்டு, கட்டு மூன்றையும் மாற்றி மாற்றிச் சொன்னான். வாயை மறைத்துக்கொண்டு நான் சொன்னால் தவறு கூடியது, முகத்தைக் காட்டிச் சொன்னால் குறைந்தது. காதைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன், நடுக்காதில் நீர் கட்டியிருந்தது. நீங்கள் சொன்னதுபோல அந்தத் தாய் மாதக்கணக்கில் நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமாற்றில் ஒரு தயக்கம். கூட வேலை பார்க்கிற தோழியிடம் சொன்னேன், ‘என்னட்டி, தலையை மாத்தி வைக்கிற ஆபரேஷனா’ என்று கேட்டாள்.

சொல்மாறாட்டத்தில் ஒரு கேள்வி. நிவாரணம் நிர்வாணம் ஆனதை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ரகரம் வாவுக்குப் பின்னால் இருந்து முன்னால் போய் ஒற்றாக நிற்கிறது, அவ்வளவுதானே? தசை சதையானதுபோல அதுவும் நிலைமாறுதல் ஆகாதா? ஆச்சி வேறு சொல்லை எடுத்தாளா, அதே சொல்லின் எழுத்து இடம் மாறியதா என்று எதை வைத்துச் சொல்வது?

இன்னும் ஒன்று, கையேட்டில் கட்டாயம் போட வேண்டியது. நாக்குழறல் என்ற சொல்லை இந்த வரிசையில் யாரும் சேர்த்துவிடாதீர்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெரியவருக்குத் திடீரென்று வாய் குழறி, முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தளர்ந்தால் அது பக்கவாதத்தின் அடையாளம். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ‘வாய் தவறுது, வயசாயிட்டு’ என்று வீட்டில் வைத்துக்கொண்டிருந்து பொழுதைக் கடத்திவிட்டவர்களைப் பார்த்து மனசு நொந்திருக்கிறேன்.

அம்பையிலிருந்து,
தங்கச்சி

*

அன்புத் தங்கச்சிக்கு,

கடைசியில் இருந்து வருகிறேன். குழறலை எடுத்து வைத்தது மிகச் சரி. அது மருத்துவச் சொல்லாகவே நிற்கட்டும். கையேட்டில் அந்தப் பத்தியைக் கட்டம் போட்டு, பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

தலைமாற்று: உன் தோழி கேட்டது நியாயம்தான், எழுத்தில் முதல் தடவை பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றலாம். ஆனால் தலை என்றால் முதல் என்கிற பொருள் நம் வாயில் இன்னும் செத்துப்போகவில்லை. தலைப்பிள்ளை, தலைச்சன், தலைத்தீபாவளி என்று அன்றாடம் சொல்கிறோம். ஒரு எடுத்துக்காட்டோடு சொன்னால் ஆபரேஷன் நினைப்பு போய்விடும். தோழியிடம், ‘தேர் வடம்’ பிடிக்கப் போகிறேன் என்று சொல்ல வந்து ஒருத்தன் ‘வேர்த்தடம்’ பிடிக்கப் போகிறேன் என்றான், அதற்குப் பெயர் தலைமாற்று என்று சொல்லிப் பார். இதிலும் த் ஒற்று வந்து நிற்பதைக் கவனித்தாயா? இன்னொரு வசதியும் இருக்கிறது. சொல்லின் கடைசி ஒலி மாறிக்கொண்டால் கடைமாற்று என்று அதே வாய்பாட்டில் சொல்லிக்கொள்ளலாம். இனம் பெருகக் கூடிய சொல்தான் நிலைக்கும்.

இனி உன் ரகரத்துக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதே யோசனைதான். நீ கேட்டது நான் கவனிக்காமல் விட்ட இடம். எழுத்தை மட்டும் பார்த்தால் நிவாரணம், நிர்வாணம் இரண்டுக்கும் இடையில் ஒரு ரகரம் நகர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஆகவே எழுத்தைப் பார்த்து முடிவு சொல்ல முடியாது, ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சோதனை தோன்றியது. ‘என்ன சொன்னீங்க, திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்பது. பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் ‘பால் காய்ச்சணும்’ என்று சரியாகச் சொல்லியிருப்பார், கேட்காமலே சொன்னார். ரேஷன் கடை ஆச்சி திரும்பவும் நிர்வாணம் என்றேதான் கேட்டாள். அவள் மனசில் அந்தப் பொருளுக்கு அந்தச் சொல்தான் பதிந்து கிடக்கிறது. ஆகவே அது சொல்மாறாட்டம். எல்லாம் தெரிந்த செய்தி வாசிப்பாளர் ஒருவர் அவசரத்தில் அதையே சொல்லி, உடனே மன்னிப்புக் கேட்டுத் திருத்திக்கொண்டால் அது நாப்பிறழ்ச்சி. ஒலி ஒன்றுதான், பெயர் இரண்டு.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டில் நேற்று ஒன்று நடந்து என்னைத் திருத்திவிட்டது. என் வீட்டுக்காரி மகனிடம், “அரைக்கிலோ கத்தரிக்கோல் வாங்கிட்டு வாலே” என்றாள். அவன் திருதிருவென்று முழிக்க, “காய்லே, கத்தரிக்காய்” என்று அந்த நொடியே திருத்திக்கொண்டாள். என் சோதனைப்படி இது நாப்பிறழ்ச்சி. ஆனால் கோல் என்ற ஒலி அந்த வாக்கியத்தில் வேறு எங்குமே இல்லையே, எங்கிருந்து வந்தது? வெளியிலிருந்து வந்த ஆள்தான். அப்படியானால் சொல்மாறாட்டம். ஆனால் அவளுக்குக் கத்தரிக்காய் தெரியாதா என்ன?

மொழியியல் படித்தவர்கள் இதை முன்பே கண்டிருக்கிறார்கள். டேவிட் ஃபே, ஆன் கட்லர் இருவரும் 1977-இல் எழுதிய கட்டுரை, சரியான சொல் தெரிந்தும் சாயலில் ஒத்த வேறு சொல்லை எடுத்துவிடுகிற இந்த வகையைப் பற்றியதுதான். தலையைத் தட்டிப் பார்த்தால் மனசில் சொற்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று தெரியாது. கத்தரிக்காய்க்குப் போன கை கத்தரிக்கோலை எடுத்துவிடுவதைப் பார்த்துத்தான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்று தெரிந்துகொள்கிறோம்.

ஆகவே ஒரு கேள்வி போதாது, இரண்டு வேண்டும். தப்பி வந்த ஒலிக்கு அந்த வாக்கியத்துக்குள்ளேயே சொந்தக்காரன் இருக்கிறானா என்பது முதல் கேள்வி. திரும்பச் சொல்லச் சொன்னால் திருந்துகிறதா என்பது இரண்டாவது. சொந்தக்காரன் உள்ளேயே இருந்து, திருந்தவும் செய்தால் நாப்பிறழ்ச்சி. இரண்டு சொற்களின் முதல் ஒலிகள் கைமாறியிருந்தால் அதற்குள் தலைமாற்று. வெளியாள் வந்து, திருந்தினால் அயர்மாறாட்டம், அயர்ந்துபோய் எடுத்தது. திருந்தவே இல்லை என்றால் அறியாமாறாட்டம். இரண்டுக்கும் பொதுப்பெயர் சொல்மாறாட்டம். அறியாமை என்ற சொல் ஆச்சியைக் குறைத்துச் சொல்வதாகப் படுகிறதா என்று எனக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. அறியாதது அந்த ஒரு சொல்லை மட்டும் என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்துவிடு. வேறு நல்ல சொல் யாருக்காவது பட்டால் நான் இதை விட்டுக்கொடுக்கத் தயார்.

இந்த இரண்டு கேள்வியிலும் உன் பிள்ளை, தட்டுக்கும் பட்டுக்கும் இடையில் தடுமாறியவன், எங்கும் சரியாக அடங்கவில்லை பார். அவன் சொன்ன ஒலிக்கு வாக்கியத்தில் சொந்தக்காரன் இல்லை, திரும்பச் சொன்னாலும் திருந்தவில்லை. என் கணக்குப்படி அறியாமாறாட்டம் என்று எழுதியிருப்பேன், அது எவ்வளவு பெரிய தவறு! நீ வாயை மறைத்தும் காட்டியும் பார்த்தாயே, அதுதான் மூன்றாவது கேள்வி. பிள்ளைகள் விஷயத்தில் அதையே முதலில் கேட்க வேண்டும் என்று படுகிறது. செவிமயக்கு இல்லை என்று உறுதியான பிறகு மற்ற இரண்டும்.

தலைமாற்றுக்கு நான் எழுதிப் பார்த்த பதிவு இது:

தலைமாற்று, பெயர்ச்சொல். அடுத்தடுத்த இரு சொற்களின் முதல் ஒலிகள் பேசும்போது தம்முள் இடம் மாறிக்கொள்ளுதல். எ-டு: பால் காய்ச்சு > கால் பாய்ச்சு, பாயை விரி > வாயைப் பிரி. பேசுபவர் உடனே திருத்திக்கொள்வார். வட்டார வழக்கில் நிலைத்துவிட்ட மாற்றங்கள் இதில் சேரா.

மற்றவற்றை நீ எழுதி அனுப்பு தங்கச்சி. அச்சுக்குக் கொடுக்குமுன் மெய்ப்பை என்னிடம் காட்டு, நான் பார்த்துத் தருகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து,
அண்ணாச்சி